பூட்டும் திறப்பும்: மறைகுறி எழுத்தின் அடிப்படைச் சொற்கள்

வட்ஸ்அப்பில் புதிதாக ஒருவருடன் உரையாடலைத் தொடங்கும்போது திரையின் மேற்பகுதியில் ஒரு சிறிய அறிவித்தல் தோன்றும். இந்தச் செய்திகளும் அழைப்புகளும் முனைக்கு முனை மறைகுறியாக்கம் செய்யப்பட்டவை, உரையாடலுக்கு வெளியே உள்ள எவராலும் அவற்றைப் படிக்க முடியாது என்பதே அதன் சாரம். கனடாவில் இருக்கும் பிள்ளையோடு பேசும் தாய், காணாமல் ஆக்கப்பட்ட மகனின் வழக்கு ஆவணங்களைப் படம்பிடித்துச் சட்டத்தரணிக்கு அனுப்பும் தந்தை, காணிப் பிரச்சினை பற்றிய தகவலைப் பெறும் பிரதேச ஊடகவியலாளர் என எமது மக்களில் பலர் அந்த அறிவித்தலை நம்பியே எழுதுகிறார்கள், பேசுகிறார்கள். ஆனால் அது எதை உறுதிப்படுத்துகிறது, எதைப் பற்றி ஒன்றுமே சொல்லவில்லை என்பது பலருக்குத் தெளிவில்லை.

அந்த அறிவித்தலில் உள்ள சொற்களுக்குப் பின்னால் 2,000 ஆண்டுகளுக்கு மேற்பட்ட வரலாறு இருக்கிறது. அந்த வரலாற்றில் திரும்பத் திரும்ப நிகழ்ந்தது ஒன்றுதான். பலவீனமான பூட்டைப் பலமானது என்று நம்பி மனம்விட்டு எழுதியவர்களே பேரிழப்பைச் சந்தித்தார்கள். பூட்டே இல்லை என்று தெரிந்தவர்கள் அவதானமாகவாவது எழுதினார்கள். எனவே இச்சொற்களை அவை பயன்பட்ட உண்மைச் சம்பவங்களோடு சேர்த்து அறிந்துகொள்வது பயனுள்ளது.

ஒளித்தல், சங்கேதம், மறைகுறி

மூன்றையும் நாம் பொதுவாக ‘இரகசிய மொழி’ என்று ஒரே பெயரில் சொல்லிவிடுகிறோம். ஆனால் அவை வேறுவேறானவை.

ஒளித்தல் என்பது செய்தி இருப்பதையே தெரியாமல் செய்வது. பாரசீகப் படையெடுப்புப் பற்றி ஸ்பார்ட்டாவுக்கு எச்சரிக்கை அனுப்பிய டெமராட்டஸ், மரப்பலகையில் செய்தியை எழுதி அதன் மேல் மெழுகைப் பூசி, வெறும் பலகைபோல அனுப்பியதாகக் கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் எழுதியிருக்கிறார். மெழுகைச் சுரண்டியவுடன் செய்தி அப்படியே வெளிவந்துவிடும். ஒளித்தலின் பலவீனமும் அதுதான்.

சங்கேதம் என்பது ஒரு முழுச் சொல்லுக்கோ கருத்துக்கோ பதிலாக வேறொன்றை வைப்பது. போர்க்காலத்தில் தொலைத்தொடர்பு நிலையத்தில் வரிசையில் நின்று வெளிநாட்டு உறவுகளோடு பேசியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஊரின் பெயரையும் ஆளின் பெயரையும் தவிர்த்து, “அங்கே மழையா?” என்று கேட்டால் எதைக் கேட்கிறார்கள் என்பது மறுமுனையில் இருப்பவருக்கு விளங்கும். இதற்கு இருவரும் முன்கூட்டியே ஒத்துக்கொண்ட சொற்பட்டியல் தேவை. பட்டியலில் இல்லாததைச் சொல்ல வழியில்லை.

மறைகுறி என்பது எழுத்து மட்டத்தில் நடப்பது. ஒரு விதியும் ஓர் இரகசியமும் இருந்தால் எந்தச் செய்தியையும் மாற்றி எழுதலாம். ஆங்கிலத்தில் முன்னையதைக் கோட் என்றும் பின்னையதை சைபர் என்றும் பிரித்துச் சொல்வார்கள்.

நான்கு அடிப்படைச் சொற்கள்

அனுப்ப வேண்டிய செய்தி, எவரும் படிக்கக்கூடிய நிலையில் இருக்கும்போது மூலவாசகம். அதை மாற்றிய பின் கிடைக்கும் குழப்பமான எழுத்துத் தொடர் மறைவாசகம். முதலாவதை இரண்டாவதாக மாற்றுவது மறைகுறியாக்கம். அதைத் திரும்பப் பழைய நிலைக்குக் கொண்டுவருவது மறைநீக்கம்.

மாற்றும் முறை பலருக்குத் தெரிந்திருக்கலாம். அனுப்புபவருக்கும் பெறுபவருக்கும் மட்டும் தெரிந்திருக்க வேண்டிய சிறிய இரகசியம்தான் திறப்பு. வீட்டுப் பூட்டுக்கு நாம் சொல்லும் அதே திறப்புத்தான். ஒரே வகைப் பூட்டு ஆயிரம் வீடுகளில் தொங்கலாம். ஒவ்வொன்றின் திறப்பும் வேறு.

திறப்பு இல்லாத ஒருவர் மறைவாசகத்தை மட்டும் வைத்துக்கொண்டு மூலவாசகத்தைக் கண்டுபிடிக்க முயல்வது மறையுடைப்பு. மறைநீக்கம் திறப்பு உள்ளவரின் வேலை. மறையுடைப்பு திறப்பு இல்லாதவரின் வேலை.

எழுத்தை நகர்த்துதல்

உரோமத் தளபதி ஜூலியஸ் சீசர் தன் கடிதங்களில் ஒவ்வொரு எழுத்துக்கும் பதிலாக அதற்கு மூன்று இடம் தள்ளி வரும் எழுத்தை எழுதியதாக வரலாற்றாசிரியர் சூட்டோனியஸ் குறிப்பிடுகிறார். அதனால் இதற்குச் சீசர் மறைகுறி என்று பெயர்.

தமிழில் செய்து பார்க்கலாம். க, ங, ச, ஞ, ட, ண, த, ந, ப, ம, ய, ர, ல, வ, ழ, ள, ற, ன என்ற 18 மெய்களின் வரிசையை எடுத்துக்கொள்வோம். உயிர்க்குறியை மாற்றாமல் மெய்யை மட்டும் மூன்று இடம் தள்ளுவோம். கடைசி மூன்று எழுத்துகளும் சுற்றிவந்து க, ங, ச ஆகும். ‘நாளை காலை வரவும்’ என்பது ‘யாகை ஞாளை றழறுல்’ ஆகிறது. இங்கே முறை ‘தள்ளுதல்’, திறப்பு ‘3’.

இப்படி ஓர் எழுத்தின் இடத்தில் வேறோர் எழுத்தை வைப்பது பதிலீடு. எழுத்துகளை மாற்றாமல் அவற்றின் வரிசையை மட்டும் கலைப்பது இடமாற்று. அதே செய்தியில் முதலில் 1, 3, 5, 7ஆம் எழுத்துகளையும் பின்னர் 2, 4, 6, 8ஆம் எழுத்துகளையும் எழுதினால் ‘நா கா வ வு ளை லை ர ம்’ என்று வரும். பழைய மறைகுறிகள் எல்லாம் பதிலீடு, இடமாற்று ஆகிய இரண்டின் கலவைகளே. இன்றைய கணினி மறைகுறிகளுக்குள்ளும் இந்த இரண்டு செயல்களும் பலமுறை மாறிமாறி நடக்கின்றன.

சீசர் முறையைத் தமிழ் மெய்களில் உடைக்க 17 திறப்புகளைச் சோதித்தால் போதும். ஒரு பாடசாலை மாணவன் அரைமணி நேரத்தில் செய்துவிடுவான். தள்ளுவதை விட்டுவிட்டு 18 மெய்களையும் தாறுமாறாகப் பொருத்தினால் திறப்புகளின் எண்ணிக்கை சுமார் 64 கோடி கோடி ஆகிவிடும். இதை ஒவ்வொன்றாகச் சோதிப்பது மனிதனால் ஆகாத காரியம். அப்படியானால் இது பாதுகாப்பானதா? இல்லை.

மீடிறன் என்ற எதிரி

9ஆம் நூற்றாண்டில் பக்தாத்தில் வாழ்ந்த அறிஞர் அல்-கிந்தி இதற்கான வழியை எழுதிவைத்தார். ஒரு மொழியில் எல்லா எழுத்துகளும் சமமான அளவில் வருவதில்லை. மறைவாசகத்தில் ஒவ்வொரு குறியும் எத்தனை முறை வருகிறது என்று எண்ணி, அம்மொழியின் சாதாரண எழுத்தில் அதிகம் வரும் எழுத்துகளோடு ஒப்பிட்டால் எது எதற்குப் பதிலாக நிற்கிறது என்பது தெரியத் தொடங்கும். இது மீடிறன் பகுப்பாய்வு. ஆங்கிலத்தில் ‘ஈ’ என்ற எழுத்து மட்டும் ஏறத்தாழ 12 சதவீதம் வருகிறது.

தமிழ் இன்னும் அதிகமாகவே காட்டிக்கொடுக்கும். புள்ளி வைத்த எழுத்து சொல்லின் முதலில் வராது. க்க, த்த, ப்ப என்ற இரட்டிப்புகள் அடிக்கடி வரும். ங் என்ற எழுத்தை அடுத்துப் பெரும்பாலும் க தான் வரும். எனவே ஒரு குறிக்குப் பின்னால் எப்போதும் ஒரே குறி வந்துகொண்டிருந்தால், அது ‘ங்க’ என்று உடைப்பவர் ஊகித்துவிடுவார். கோடி கோடி திறப்புகளைச் சோதிக்கத் தேவையே இல்லை. திறப்புகளின் எண்ணிக்கை பெரிதாக இருப்பது மட்டும் பூட்டைப் பலமாக்காது என்பதே இதன் பாடம்.

ஓர் அரசியின் கழுத்துக்கு வந்த கத்தி

இந்தப் பாடத்துக்கு மிகப் பெரிய விலையைக் கொடுத்தவர் ஸ்கொட்லாந்து அரசி மேரி. 1568இல் இங்கிலாந்துக்குத் தப்பிவந்த அவரை, அவரது உறவினரான அரசி முதலாம் எலிசபெத் காவலில் வைத்தார். 18 ஆண்டுகளுக்குப் பின், 1586இல், அன்ரனி பாபிங்டன் என்ற இளைஞரும் அவரது நண்பர்களும் எலிசபெத்தைக் கொன்று மேரியை மீட்கத் திட்டமிட்டனர். கடிதங்கள் பியர் பீப்பாவின் அடைப்புக்குள் ஒளித்துக் கொண்டுசெல்லப்பட்டன. ஒளித்தலோடு மறைகுறியும் சேர்த்துப் பயன்படுத்தப்பட்டது.

அவர்களது மறைகுறியில் எழுத்துகளுக்கு 23 குறிகளும், அடிக்கடி வரும் சொற்களுக்கு 30க்கும் மேற்பட்ட குறிகளும் இருந்தன. பொருளே இல்லாத 4 குறிகளும் இருந்தன. உடைப்பவரின் எண்ணிக்கையைக் குழப்புவதற்காக இடையிடையே செருகப்படும் இத்தகைய குறிகளுக்கு வெற்றுக்குறிகள் என்று பெயர். மறைகுறியும் சங்கேதப் பட்டியலும் கலந்த இவ்வகையே ஐரோப்பிய அரசவைகளில் பல நூற்றாண்டுகள் பயன்பட்டது.

மேரியும் பாபிங்டனும் அறியாத விடயம் ஒன்று இருந்தது. கடிதங்களைச் சுமந்த கில்பர்ட் கிபர்ட், எலிசபெத்தின் அமைச்சர் வோல்சிங்காமின் ஆள். ஒவ்வொரு கடிதமும் முதலில் வோல்சிங்காமிடம் போனது. தோமஸ் பெலிப்ஸ் என்ற மறையுடைப்பாளர் அதைப் படித்துப் பிரதி எடுத்த பின்னரே உரியவரிடம் சேர்ந்தது. 1586 ஜூலை 17 அன்று மேரி அனுப்பிய பதிலில் திட்டத்துக்கான அவரது இணக்கம் தெரிந்தது. வோல்சிங்காமுக்கு அது போதவில்லை. கொலை செய்யவிருந்த ஆறு பேரின் பெயர்களையும் கேட்கும் ஒரு பிற்குறிப்பை, அதே மறைகுறியில், மேரி எழுதியதைப் போலவே பெலிப்ஸ் சேர்த்தார்.

இங்கே இரண்டு தோல்விகள் இருக்கின்றன. ஒன்று, மறைகுறி உடைந்தது. மற்றது, கடிதம் உண்மையில் மேரியிடமிருந்து வந்ததா, வழியில் எவராவது கைவைத்தார்களா என்று சரிபார்க்க பாபிங்டனிடம் வழியே இருக்கவில்லை. இரகசியம் காத்தல் வேறு, அனுப்பியவரை உறுதிப்படுத்தல் வேறு. செப்ரெம்பரில் பாபிங்டனும் நண்பர்களும் கொல்லப்பட்டனர். 1587 பெப்ரவரி 8 அன்று மேரியின் தலை வெட்டப்பட்டது.

இந்தக் கதைக்கு அண்மையில் ஒரு தொடர்ச்சி வந்தது. பிரான்ஸ் தேசிய நூலகத்தில் இத்தாலிய ஆவணங்கள் எனத் தவறாக அட்டவணைப்படுத்தப்பட்டிருந்த 50க்கும் மேற்பட்ட மறைவாசகங்களை மூன்று ஆய்வாளர்கள் கணினி உதவியுடன் உடைத்து, அவை 1578 முதல் 1584 வரை மேரி எழுதிய கடிதங்கள் என 2023இல் அறிவித்தனர். ஒருவர் பாதுகாத்துவைத்த மறைவாசகம் 400 ஆண்டுகள் கழித்தும் படிக்கப்படலாம்.

மாறிக்கொண்டே இருக்கும் பதிலீடு

மீடிறனை வெல்ல ஒரே எழுத்தை ஒவ்வொரு முறையும் வேறுவிதமாக மாற்ற வேண்டும். 16ஆம் நூற்றாண்டில் இத்தாலியரான பெலாசோவும் பின்னர் பிரெஞ்சுக்காரரான விஜெனேரும் எழுதிய இம்முறை பன்வரிசைப் பதிலீடு எனலாம்.

நமது செய்தியையே 3, 1, 5 என்ற திறப்பால் மாற்றுவோம். முதல் எழுத்தை 3 இடமும், இரண்டாவதை 1 இடமும், மூன்றாவதை 5 இடமும் தள்ளி, மீண்டும் 3இலிருந்து தொடங்க வேண்டும். ‘நாளை காலை வரவும்’ இப்போது ‘யாறை ணாளை ழறறுய்’ ஆகிறது. மூலத்தில் இருமுறை வந்த ‘வ’ ஒருமுறை ‘ழ’ ஆகவும் மறுமுறை ‘ற’ ஆகவும் மாறியிருக்கிறது. அருகருகே வரும் ‘ற’, ‘று’ இரண்டும் வெவ்வேறு எழுத்துகளைக் குறிக்கின்றன. வெறுமனே எண்ணிப் பார்ப்பவர் குழம்பிப்போவார். இங்கே உயிர்க்குறிகளை மாற்றாமல் விட்டிருப்பதால் இது விளங்கிக்கொள்வதற்கான உதாரணம் மட்டுமே. இரகசியம் காக்க எவரும் இதைப் பயன்படுத்தக் கூடாது.

நீண்டகாலம் ‘உடைக்க முடியாதது’ என்று பெயர்பெற்றிருந்த இம்முறைக்கும் 1863இல் பிரஷ்ய அதிகாரி காசிஸ்கி வழி கண்டு வெளியிட்டார். திறப்பு திரும்பத் திரும்ப வருவதால் மறைவாசகத்திலும் சில துண்டுகள் திரும்ப வரும். அவற்றுக்கிடையிலான தூரத்தை அளந்தால் திறப்பின் நீளம் தெரிந்துவிடும்.

20 ஆண்டுகளின் பின், 1883இல், பாரிசில் கற்பித்த கெர்க்கொப்ஸ் என்ற ஆசிரியர் இன்றும் செல்லுபடியாகும் ஒரு விதியை வகுத்தார். முறை எதிரியின் கையில் கிடைத்தாலும் ஆபத்து வரக் கூடாது. திறப்பை மட்டுமே இரகசியமாக வைத்திருக்க வேண்டும். “எங்கள் முறை எவருக்கும் தெரியாது, அதனால் பாதுகாப்பானது” என்று எவராவது ஒரு செயலியை விளம்பரப்படுத்தினால் அதைச் சந்தேகிக்க வேண்டியதன் காரணம் இதுதான்.

இயந்திரமும் எமது கடலும்

இரண்டாம் உலகப்போரில் ஜேர்மனி பயன்படுத்திய எனிக்மா, சுழலும் சக்கரங்களால் ஒவ்வொரு எழுத்துக்கும் பதிலீட்டை மாற்றிய இயந்திரம். போலந்தின் கணிதவியலாளர் மரியான் ரெயெவ்ஸ்கி 1932இன் இறுதியிலேயே அதன் உள்ளமைப்பைக் கணிதத்தால் கண்டுபிடித்தார். போலந்து 1939 ஜூலையில் அந்த அறிவைப் பிரித்தானியாவுக்கும் பிரான்சுக்கும் கொடுத்தது. பின்னர் பிளெச்லி பார்க்கில் அலன் டூரிங் உள்ளிட்டோர் வேலையைத் தொடர்ந்தனர். அவர்களுக்குப் பெரிதும் உதவியது இயந்திரத்தை இயக்கியவர்களின் பழக்கம். வானிலை அறிக்கை ஒவ்வொரு நாளும் ஒரே மாதிரியான சொற்களோடு வந்தது. மறைவாசகத்துக்குள் இருக்கும் என்று முன்கூட்டியே எதிர்பார்க்கக்கூடிய இத்தகைய சொல்லை ஊகச்சொல் எனலாம்.

இந்தப் போர் எமது கரைக்கும் வந்தது. சிங்கப்பூரில் இயங்கிய பிரித்தானிய மறையுடைப்புப் பிரிவு 1942 ஜனவரியில் கொழும்புக்கு மாற்றப்பட்டது. யப்பானியக் கடற்படை சொற்களை ஐந்து இலக்க எண்களாக மாற்றும் சங்கேத நூலையும், அந்த எண்களோடு கூட்டுவதற்கான வேறோர் எண்பட்டியலையும் பயன்படுத்தியது. சங்கேதத்தின் மேல் மறைகுறியைப் போர்த்திய முறை இது. அதன் ஒரு பகுதியை உடைத்ததால், தாக்குதல் வரப்போகிறது என்ற தகவல் மார்ச் மாத இறுதிக்குள் கிடைத்துவிட்டது. ஆனால் எதிர்பார்த்த ஏப்ரல் முதலாம், இரண்டாம் திகதிகளில் எதுவும் நடக்கவில்லை. ஏப்ரல் 5ஆம் திகதி, உயிர்த்த ஞாயிறன்று, கொழும்பு தாக்கப்பட்டது. 9ஆம் திகதி திருகோணமலை தாக்கப்பட்டது. அன்றுதான் ஹெர்மிஸ் விமானந்தாங்கிக் கப்பல் மட்டக்களப்புக் கடலில் மூழ்கி, 300க்கும் மேற்பட்டோர் இறந்தனர். செய்தியைப் படித்தும் நாளைப் பிடிக்க முடியாமல் போனது. மறையுடைப்பு தருவது பெரும்பாலும் துண்டுத் தகவல்களே.

உடைக்கவே முடியாத ஒன்று

கோட்பாட்டளவில் உடைக்க முடியாத மறைகுறி ஒன்று உண்டு. திறப்பு செய்தியின் அளவுக்கு நீளமாக இருக்க வேண்டும், முற்றிலும் எழுந்தமானமாக அமைய வேண்டும், இரகசியமாக இருக்க வேண்டும், ஒரேயொரு முறைதான் பயன்பட வேண்டும். இது ஒருமுறை ஏடு எனப்படும். இதை உடைக்க முடியாது என்பதைக் கணிதவியலாளர் கிளோட் ஷனன் நிறுவி 1949இல் வெளியிட்டார். ஆனால் சோவியத் ஒன்றியம் சில ஏடுகளின் பக்கங்களை இருமுறை அச்சிட்டுப் பயன்படுத்தியது. அந்த ஒரு தவறால் அமெரிக்க மறையுடைப்பாளர்கள் பல செய்திகளைப் படித்தார்கள். கணிதம் தோற்கவில்லை, அதைப் பயன்படுத்திய விதம்தான் தோற்றது.

இதுவரை சொன்ன எல்லா முறைகளிலும் இருவரிடமும் ஒரே திறப்பு இருக்க வேண்டும். அதைப் பாதுகாப்பாகக் கொண்டுபோய்ச் சேர்ப்பதே பெரிய சிக்கலாக இருந்தது. 1976இல் டிபி, ஹெல்மன் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் இதற்குத் தீர்வாகப் பொதுத்திறப்பு முறையை வெளியிட்டனர். ஒவ்வொருவரிடமும் இரண்டு திறப்புகள். பொதுத்திறப்பால் எவரும் பூட்டலாம். உரியவரிடம் மட்டும் உள்ள தனித்திறப்பால்தான் திறக்கலாம். முன்பின் சந்திக்காத இருவர் இரகசியமாகப் பேச முடிவது இதனால்தான்.

கையிலுள்ள தொலைபேசிக்குத் திரும்பினால்

முனைக்கு முனை மறைகுறியாக்கம் என்றால் செய்தி அனுப்புபவரின் தொலைபேசியில் பூட்டப்பட்டு, பெறுபவரின் தொலைபேசியில் மட்டும் திறக்கப்படுகிறது. இடையில் உள்ள நிறுவனத்திடம் திறப்பு இல்லை. வட்ஸ்அப்பில் 2016 முதல் இது எல்லா உரையாடல்களுக்கும் உண்டு. சிக்னலிலும் உண்டு. டெலிகிராமின் சாதாரண உரையாடல்களுக்கு இல்லை. அதில் ‘இரகசிய உரையாடல்’ என்பதைத் தனியாகத் தெரிவுசெய்தால்தான் கிடைக்கும். சாதாரண குறுஞ்செய்திக்கும் சாதாரண தொலைபேசி அழைப்புக்கும் இந்தப் பாதுகாப்பு இல்லை.

மேலே பார்த்த ஒவ்வொரு தோல்விக்கும் இன்றும் ஒரு வடிவம் இருக்கிறது.

பாபிங்டனுக்கு நடந்தது: இடையில் ஒருவர் நுழைந்தாரா என்பதைச் சரிபார்க்க வட்ஸ்அப்பில் ஒவ்வொரு உரையாடலுக்கும் 60 இலக்கப் பாதுகாப்பு எண் உண்டு. தொடர்பாளரின் பெயரை அழுத்தி ‘மறைகுறியாக்கம்’ பகுதிக்குள் சென்றால் தெரியும். இருவரின் திரையிலும் அதே எண் இருந்தால் இடையில் எவரும் இல்லை. நேரில் சந்திக்கும்போது ஒப்பிடுவது நல்லது.

உறையின் மேல் உள்ள விபரம்: செய்தியின் உள்ளடக்கம் மறைந்தாலும் யார் யாரோடு, எப்போது, எத்தனை முறை தொடர்புகொண்டார் என்பது மறைவதில்லை. கடிதத்தைத் திறக்காமலே உறையைப் பார்த்துப் பலவற்றை ஊகிக்கலாம்.

மூலவாசகம் கிடக்கும் இடம்: இரண்டு முனைகளிலும் செய்தி படிக்கக்கூடிய நிலையில்தான் இருக்கிறது. திறந்த தொலைபேசி இன்னொருவர் கைக்குப் போனால் மறைகுறியாக்கத்தால் எந்தப் பயனும் இல்லை. வலுவான கடவுச்சொல்லும், செய்திகள் தாமாக அழியும் வசதியும் இதற்குத்தான். இணையத்தில் சேமிக்கப்படும் காப்புப்பிரதிக்கான மறைகுறியாக்கத்தையும் அமைப்புகளில் நாமே இயக்க வேண்டும்.

கூட்டத்தில் இருக்கும் கிபர்ட்: 200 பேர் உள்ள ஒரு குழுவில் பகிரப்படும் செய்திக்கு 200 முனைகள். அதில் ஒருவர் திரையைப் படம்பிடித்தாலும் இரகசியம் முடிந்தது.

ஒரு சாட்சியின் பெயரையோ, உறவினர் ஒருவரின் முகவரியையோ, பாதிக்கப்பட்ட பெண்ணின் வாக்குமூலத்தையோ அனுப்புவதற்கு முன் நான்கு கேள்விகளைக் கேட்டுப் பார்க்கலாம். இது எந்தச் செயலியில் போகிறது? மறுமுனையில் இருப்பவர் அவர்தானா? அவரது தொலைபேசியை வேறு யார் திறக்க முடியும்? இந்தச் செய்தி எவ்வளவு காலம் அங்கே கிடக்கும்? முதலாவதற்கு மட்டுமே திரையில் வரும் அந்தச் சிறிய அறிவித்தல் பதில் சொல்கிறது. மற்ற மூன்றுக்கும் நாமே பதில் தேடிக்கொள்ள வேண்டும்.